கல்தொட்டியில் ஒரு செம்புச் சுருள்

ரெங்கநாயகி மாமி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஹரிபிரசாத் அதை ஒரு வாரத்தில் மறந்திருப்பான். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கைமாற்றாகக் கொஞ்சம் உப்பு கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஹரி, தப்பா எடுத்துக்கப்படாது. உன் மிஷின் ராத்திரி பூரா ஊதிண்டே இருக்கே, அதை விடிகாலையில மட்டும் கொஞ்சம் நிறுத்தி வெக்க முடியுமோ? பாசுரம் சேவிக்கறேன், என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்கறது. பெருமாளுக்குக் கேக்கறதோ என்னமோ.”

“சாரி மாமி. இவ்வளவு சத்தம் வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க.”

“மெதுவாப் பண்ணு. மார்கழி பொறக்கறதுக்குள்ள ஆனா சரி.”

அடையவளஞ்சான் வீதியில் இருந்த அந்தப் பழைய வீட்டை, எப்போதோ அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது, வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே சுவரை எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். கொல்லையில் கிடந்த கல்தொட்டியை மட்டும் பிளக்க முடியவில்லை. சுவர் அதன்மேல் பாலம்போல ஏறிக் கடந்துபோயிற்று. தொட்டியில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். மேலே மனிதர்கள் பிரிந்துபோனது தெரியாமல் கீழே தண்ணீர் ஒன்றாகவே கிடந்தது. பின்னால் இரண்டு பாகமும் மாமியின் கணவருக்கே வந்து சேர்ந்தன. அவர் காலமானபிறகு மாமி ஒரு பாதியை வாடகைக்கு விட்டார். ஹரி குடிவந்த அன்று மாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“உனக்குக் குழாய்த் தண்ணி தனியா இருக்கு. இந்தத் தொட்டியில மட்டும் கை வெக்கப்படாது. கிணத்துத் தீர்த்தம், மடிக்குன்னு ரொப்பி வெக்கறது.”

ஹரி பிறந்து வளர்ந்தது கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா காசிநாதன் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, சொந்த ஊரான மணப்பாறைப் பக்கம் போய்விட்டார். நிலக்கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவி சக்கரத்தைச் சுற்றுகிறது, நம் வீட்டில் விளக்கு எரிகிறது. மற்றக் குழந்தைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியபோது ஹரி இந்த நான்கு வாக்கியங்களைக் கேட்டுச் சாப்பிட்டு வளர்ந்தான். இப்போது அவன் வேலை, இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குள் வெயில் விழவைப்பது. பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனம் வரைபடங்களை அனுப்பும். அவன் அவற்றைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, ஜன்னல் வைத்து, திரைச்சீலை அசைய, யாரும் இன்னும் மிதிக்காத தரையில் சாயங்கால ஒளி நகர்வதைப் படமாக்கித் தருவான். ஒரு நிமிடப் படத்துக்கு ப்ராசஸர் இரவு முழுக்கக் கொதிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கெடுவுக்குள் முடியாது. நிறுத்தாவிட்டால் ஃபேன் ஊதும்.

ஃபேனே இல்லாமல் செய்துவிடுவது என்று முடிவுசெய்து, சிங்காரத்தோப்பில் மாடிப்படிக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஆசீரிடம் போனான். பள்ளியிலிருந்தே கூட்டாளி.

“வாட்டர் கூலிங்கா? ரெடிமேடா இருக்கு, தூக்கிட்டுப் போடா.”

“அதுலயும் கடைசியில ரேடியேட்டருக்கு ஃபேன் வெச்சிருக்கான்டா. எனக்கு ஃபேனே வேணாம்.”

“ஃபேன் இல்லாம அம்புட்டு சூட்டையும் எங்க மாப்ள கொட்டுவ? உங்க மாமி தலையிலயா?”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஹரி பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தான்.

ஒரு மாதம் போல அந்த வேலை நடந்தது. துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் உள்ளங்கை அகலச் செம்புக் கட்டி ஒன்றை வாங்கி, அதன் வயிற்றில் தண்ணீர் வளைந்து வளைந்து போக வாய்க்கால்கள் வெட்டச் சொன்னான். மூடி போட்டு, ரப்பர் வைத்து முடுக்கினால், ப்ராசஸரின் தலையில் உட்காரும் தொப்பி தயார். தண்ணீரைத் தள்ள, மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டார். பாலக்கரையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் வாங்கும் மெல்லிய செம்புக் குழாயை வாங்கி வந்து, அது மடங்கி நசுங்கிவிடாமல் இருக்கக் கொள்ளிடத்து மணலைச் சலித்து உள்ளே நிரப்பி, பெயிண்ட் டப்பாவைச் சுற்றிச் சுருளாக வளைத்தார்கள். பிறகு மணலைத் தட்டிக் கொட்டி, பல தண்ணீரில் அலசினார்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல முழுச் சுற்றையும் வாளியில் அமுக்கிக் காற்றடித்தபோது, ஒரு குமிழிகூட வரவில்லை. ஆசீர் எழுந்து நின்று கைதட்டினான்.

சுருளை முதலில் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டு ஓட்டிப் பார்த்தான். விடிவதற்குள் வாளி சுட்டது. பெரிய வாளியும் சுட்டது. மூன்றாம் நாள் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் பார்வை தொட்டிமேல் போயிற்று. தன் பக்கத்துப் பாதியைப் பலகை மூடியிருந்தது. பலகைக்கு அடியில் கறுத்த, அசையாத, குளிர்ந்த தண்ணீர்.

கை வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார். ஹரி கை வைக்கவில்லை. சுருளைப் புளி போட்டுத் தேய்த்து, தேங்காய்நார்க் கயிற்றில் கட்டி, கிணற்றில் குடம் இறக்குவதுபோல மெல்ல இறக்கினான். செம்புதானே, அவர்கள் வீட்டுத் தீர்த்தச் சொம்பும் அதுதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டான். சுருள் அடிப்பாசியில் போய் உட்கார்ந்தது. இரண்டு குழாய்களைச் சுவரோரத் துளை வழியாக அறைக்குள் இழுத்துக்கொண்டான். உள்ளே ஓடுவது பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர். வெளியே இருப்பதோடு அது ஒரு சொட்டும் கலக்காது. சூடு மட்டும் செம்பைக் கடந்து போகும். அதை எந்தச் சுவரும் தடுக்காது.

அன்றிரவு அறையில் சத்தமே இல்லை. தொண்ணூறைத் தாண்டித் துடித்துக்கொண்டிருந்த ப்ராசஸர் ஐம்பதுக்குக் கீழே இறங்கி, தூங்கும் குழந்தைபோல ஆயிற்று. விடிகாலையில் சுவருக்கு அப்பாலிருந்து மாமியின் குரல் முதல்முறையாக முழுசாகக் கேட்டது. இத்தனை நாள் தான் எதை மூடி வைத்திருந்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். மெதுவாகச் சொல்லலாம் என்றும் நினைத்தான்.

மார்கழி பிறந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாமி சுவருக்கு மேலாக வெண்பொங்கல் தொன்னையை நீட்டினார். முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஹரி, யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. சிரிக்கப்படாது.”

“சொல்லுங்க மாமி.”

“மார்கழி முப்பது நாளும் நான் அடுப்புல வெச்ச வெந்நீர்ல தீர்த்தமாட மாட்டேன். இந்த ஆத்துக்குக் கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து ஒரு மார்கழி விட்டதில்லை. இப்போ இந்தக் கை இருக்கே.” விரல்களைக் காட்டினார். கணுக்கள் புடைத்து, ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு திசைக்குத் திரும்பியிருந்தது. “டாக்டர் பச்சைத் தண்ணியே தொடப்படாதுங்கறார். இந்த வருஷம் விரதம் விட்டுப் போயிடும்னு பயந்துண்டே இருந்தேன். தொட்டியில சொம்பை விட்டு மொண்டா, வெதுவெதுன்னு இருக்கு! நிஜம்மா. யாரோ பார்த்துப் பார்த்து விளாவி வெச்ச மாதிரி. தினமும்.”

ஹரியின் கையில் தொன்னை சுட்டது. நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது.

“பெருமாள் கண் தொறந்து பாத்துட்டார்” என்று சொல்லி மாமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

அதன்பிறகு அவன் மாமியின் வாசல் கோலத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கார்த்திகையில் அது நான்கு புள்ளியும் நடுங்கும் கோடுமாக இருந்தது. இப்போது நாளுக்கு நாள் அகலமாயிற்று. கோடுகள் எங்கும் உடையாமல் புள்ளிகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்பின. செம்புக் கட்டிக்குள் வெட்டிய வாய்க்கால்களும் அப்படித்தான் இருந்தன. ஒரு வேலைக்காகச் செய்த ஒன்று, யாரும் கேட்காமலே, சுவர் கடந்து போய் ஒருவர் விரல்களை நீட்டிவிட்டிருக்கிறது. அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் போய்விடக்கூடிய நினைப்பு அது.

பெங்களூர் வேலை மார்கழி பிறந்த ஒரு வாரத்திலேயே முடிந்துவிட்டது. இனி இரவில் இயந்திரம் ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஹரி நிறுத்தவில்லை. எதற்கும் உதவாத பெரும் கணக்குகளைக் கொடுத்து ஓடவிட்டான்.

“ப்ராசஸரைக் குளிர வெக்க ஊரே மண்டையை உடைக்குது” என்று ஆசீர் போனில் சிரித்தான். “நீ அதை பாய்லரா ஓட்டுற. உங்கப்பா கேட்டா சந்தோசப்படுவாருடா. சரி, அந்தம்மாட்ட சொல்லிட்டியா?”

“சொல்லணும்.”

“கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போறேன், புது வருசம் முடிஞ்சுதான் வருவேன். அதுக்குள்ள சொல்லிரு மாப்ள. இது வெளாட்டு இல்ல.”

சொல்வதற்கு மாமியே கதவைத் திறந்துவிட்டார். ஒரு மத்தியானம் கொடியில் காய்ந்த துணியைச் சுருட்டிக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாதாரணமாகக் கேட்டார்.

“ஏன் ஹரி, நீ இன்ஜினியரிங் படிச்சவன். நீயே சொல்லேன். தண்ணி சுடறதுக்கு வேற காரணம் ஏதாவது இருக்குமோ? நான் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிண்டு, கடைசியில அசடாயிடப்படாது பாரு.”

மாமியின் முகம் தெரியவில்லை. சுவர் விளிம்பில் துணியின் மஞ்சள் முனை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த முனையைப் பார்த்துக்கொண்டே ஹரி சொன்னான்.

“தெரியல மாமி.”

“பாத்தியா” என்றார் மாமி. குரல் அத்தனை நிம்மதியாக இருந்தது.

வைகுண்ட ஏகாதசி நெருங்க நெருங்க வாடை கூடியது. வெளியூர்க் கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டது. குளிருக்குத் தொட்டி சீக்கிரம் ஆறிப்போனது. இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்று ஹரி ப்ராசஸரின் வோல்டேஜை ஒரு படி ஏற்றினான். மறுநாள் இன்னொரு படி. ஏகாதசிக்கு முந்தின நாள் சாயங்காலம் திரை ஒருமுறை கண்சிமிட்டியது. கருகிய மின்சார வாசனை வந்தது. அவ்வளவுதான். மீன்தொட்டி மோட்டார் மட்டும், தகவல் தெரியாத வேலைக்காரன்போலத் தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தது.

ஆசீர் கடை பூட்டியிருந்தது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே தீவாகக் கிடந்த ஊரைவிட்டு வெளியே போகவே பஸ்ஸும் ஆட்டோவும் நகரவில்லை. ஹரியிடம் வாளித் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். பலகையைத் தூக்கினான். இதுவரை நடந்தது தானாக நடந்தது. தான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவே. இந்தக் கம்பியை இறக்கினால் அது வேறு. பலகையை மூடிவிட்டுக் கம்பியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். அது நேர்மையா கோழைத்தனமா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் விடியலில் பரமபதவாசலை நோக்கிக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம் முதல் சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் இரண்டாவது சொம்பு விழுந்தது. அன்று பாசுரம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, மாமி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வள்ளிக்கண்ணு ஹரியின் வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, நீங்க வந்து அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏகாதசி முடிஞ்சும் ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குது. காலையில குளிக்கிறது பத்தாதுன்னு சாயங்காலமும் பச்சைத் தண்ணியைத் தூக்கி ஊத்திக்குது. கை ரெண்டும் வீங்கிப் போச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுது தம்பி, எனக்குப் பயமா இருக்கு.”

“உங்க கையைப் பிடிச்சா? ஏன்?”

“போன வாரம் நான் தெரியாம அந்தத் தொட்டியில கை அலசிட்டேன். வையிவையின்னு வஞ்சிச்சு. இப்ப, உன்னை வஞ்சதாலதான் சாமிக்குக் கோவம் வந்து தண்ணியைக் குளிர வெச்சிருச்சுங்குது. நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன் தம்பி. வையாத வூடு எங்க இருக்கு?”

ஹரி சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே போனான். மாமி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில், பழைய துணி சுற்றி, வேறு யாருடைய கைகளையோ வாங்கி வைத்திருப்பதுபோலக் கிடந்தன.

“மாமி, தண்ணி சுட்டது என்னாலதாங்க. என் கம்ப்யூட்டர் சூட்டைத் தொட்டியில விட்டேன். அது இப்ப கெட்டுப்போச்சு. அதான் தண்ணி குளிருது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல.”

மாமி சிரித்தார். “வள்ளிக்கண்ணு அனுப்பிச்சாளா? என்னைத் தேத்தணும்னு கதை கட்டறே. நல்ல பிள்ளை.”

ஹரி திரும்பி ஓடினான். குழாய்களைப் பிடுங்கிவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சுருளை இழுத்தான். பாசியும் சேறுமாக அது மேலே வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட வீதி வழியாகத் தூக்கிக்கொண்டு போய் மாமியின் முன்னால், தரையில் வைத்தான். அதைச் சுற்றிச் சின்னக் குளம்போலத் தண்ணீர் பரவியது. குழாய் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, தொப்பி எப்படி உட்காரும் என்று எல்லாவற்றையும் சொன்னான். மாமி குனிந்து, துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனியால் ஒரு வளையத்தைத் தொட்டார்.

“எத்தனை நாளா கிடக்கு இது?”

“கார்த்திகையிலேர்ந்துங்க.”

மடி கெட்டதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டு வாங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“நான் கேட்டேனே, ஹரி” என்றார் மாமி. “வேற காரணம் இருக்குமோன்னு உன்கிட்டத்தானே கேட்டேன்.”

“ஆமாங்க மாமி.”

வாசலில் யாரோ பூ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமி சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வள்ளிக்கண்ணுவைத் திட்டினது தப்புதான். அதுல மாத்தம் இல்லை. அது போகட்டும்.” பிறகு மெல்ல, ஏதோ கணக்கை மனசுக்குள் சரிபார்ப்பதுபோல, “அப்போ அது வெந்நீர்” என்றார்.

ஹரிக்குச் சட்டென்று புரிந்தது. இத்தனை நாளில் அவன் இந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை.

“அடுப்புல வெக்கலையே மாமி. கரண்ட்தான். நெருப்புங்கிறதே இல்ல.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. நிஜமாத்தான் கேக்கறேன். கரண்ட் எப்படி வரது?”

அவரிடம் வாதம் செய்யும் குரல் இல்லை. ஒரு குழந்தை கேட்பதுபோல நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். அணையில் வருகிறது, காற்றாடியில் வருகிறது என்று சொல்லலாம். அதுவும் முழுப்பொய் ஆகாது. ஆனால் கைலாசபுரத்துச் சமையலறையில் அப்பா உருண்டை பிடித்துக் கொடுத்த நான்கு வாக்கியங்கள் அவன் தொண்டையில் வந்து நின்றன. ஒருமுறை தெரியாது என்று சொல்லியாயிற்று.

“பெரும்பாலும் நிலக்கரி எரிச்சுதான் மாமி. எங்கப்பா அந்த பாய்லர்தான் செஞ்சாரு.”

மாமி தலையை ஆட்டினார். கோபமே இல்லை.

“அப்போ இந்த மார்கழி விட்டுப்போச்சு. பரவாயில்லை. தையில முப்பது நாள் சேர்த்துப் பண்ணிடறேன்.”

“மாமி, கை...”

“தெரிஞ்சு பண்ணலையேன்னு பெருமாள் விட்டுடுவார். நான் விட மாட்டேன்.” எழுந்திருக்க முயன்று, முடியாமல், மறுபடி உட்கார்ந்தார். “தாமிரம் நன்னாத்தான் இருக்கு. இங்கே சொட்டறது பாரு, எடுத்துண்டு போ.”

பொங்கல் முடிந்தது. ஒலிபெருக்கிகள் ஓய்ந்து, வீதி மறுபடி விடிந்தபிறகு எழுந்திருக்கப் பழகிக்கொண்டது. மாமியின் வாசலில் வள்ளிக்கண்ணு தண்ணீர் தெளித்து, அவசரமாக நான்கு புள்ளி வைத்து, ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போனாள். ஆசீர் ஊரிலிருந்து வந்து ஒரு ப்ராசஸரைக் கொண்டுவந்து கொடுத்தான். அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வேலைக்காகப் பெங்களூர்க்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். கட்டப்படாத வீடுகள் இருட்டிலேயே காத்திருந்தன. சுருளை ஹரி தேய்க்கவில்லை. அது மூலையில் பச்சை பூத்துக்கொண்டிருந்தது.

அறை இப்போது மிக அமைதியாக இருந்தது. ஊரில் வேறு யாரும் எழுந்திராத அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகக் கேட்டது. செருப்பில்லாத கால்கள். தொட்டியில் சொம்பு முங்கும் சத்தம். முதல் சொம்பு விழும். பிறகு ஒரு சின்ன இடைவெளி, ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இடைவெளி. அதற்குள்தான் ஹரி ஒவ்வொரு விடியலிலும், “தெரியல மாமி” என்று சொன்ன தன் குரலைக் கேட்டான்.

பிறகு இரண்டாவது சொம்பு விழும்.